கார்டை பிளாக் செய்த பிறகும் பணம் போயிருக்கிறது. பேங்க் பொறுப்பேற்காதா?

கலா_குடந்தை (ஞாயிறு, மாலை 5.20)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடியில் அம்மாவோடு இருக்கிறார். பென்ஷன் வருகிற கணக்கு ஒன்றுதான், அதே கணக்கில்தான் சேமிப்பும்.

வியாழன் ராத்திரி எட்டு மணி வாக்கில் அவர் செல்லுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே அதிகாரியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு பத்து இலக்க நம்பர். அப்பா பில்லெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறவர். ஆனால் அம்மாவுக்கு ராத்திரியில் நெபுலைசர் வைக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று பயந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

எதிர்முனையில் பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். “நீங்க கட்டினது சிஸ்டத்துல ஏறலை சார், பத்து ரூபாய் மட்டும் கட்டினா அப்டேட் ஆயிடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினான். மின்வாரியப் படம் போட்ட ஏபிகே, அதாவது செல்லில் நேரடியாக ஏற்றுகிற செயலி ஃபைல். அப்பா அதை இன்ஸ்டால் செய்து, அது கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்து, ஏடிஎம் கார்டு நம்பர், பின்னால் இருக்கிற மூன்று இலக்கம் எல்லாம் போட்டிருக்கிறார். “பேமென்ட் ஃபெயில் ஆயிடுச்சு, காலைல பார்த்துக்கலாம், கரண்ட் கட் ஆகாது” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அப்பாவும் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

ராத்திரி 11.14-க்கு 49,000. 11.19-க்கு 38,500. இரண்டும் கார்டு மூலம் ஆன்லைனில் எதையோ வாங்கியதாகக் காட்டுகிறது. காலையில்தான் பார்த்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு பேங்க் திறந்ததும் போய் நின்றார். கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை பிளாக் செய்துவிட்டார், அதற்கான மெசேஜ் 10.32-க்கு வந்திருக்கிறது. மேனேஜர், “ஓடிபி நீங்கதானே சொன்னீங்க? நாங்க என்ன பண்ண முடியும், போலீஸுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார். அப்பா ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 11.48-க்கு இன்னொரு 24,500 போயிருக்கிறது! இது நெட் பேங்கிங் வழியாக. அப்பாவுக்கு நெட் பேங்கிங் என்றால் என்னவென்றே தெரியாது, அவர் அதைக் கேட்டதும் இல்லை. நான் 12.30 மணிக்கு சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ கூப்பிட்டுப் புகார் எண் வாங்கினேன். சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மொத்தம் 1,12,000. வருமா, வராதா? கார்டை பிளாக் செய்த பிறகு எப்படிப் போனது? அப்பா யாரிடமும் பேசுவதில்லை. “என் புத்தி எங்க போச்சு” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நிதர்சன் (ஞாயிறு, மாலை 5.41)

போனது போனதுதான் சகோதரி. கார்டு விவரம் நாமே கொடுத்துவிட்டால் எந்த பேங்கும் தராது. என் நண்பனுக்கும் இதே கதை. அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

கவுன்ட்டர்_4 (ஞாயிறு, மாலை 6.35)

கலாம்மா, நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவன். மேஜைக்கு இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. நிதர்சன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதிதான் உங்களுக்கு முக்கியம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நாளை திங்கள் காலை பேங்க் திறந்ததும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி. ஒன்றில் கிளை முத்திரை, தேதி, நேரம், கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். பக்கத்துத் தபால் ஆபீஸில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தை அந்த வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயிலும் செய்யுங்கள். வாயால் சொன்னதற்கு வங்கியில் மதிப்பே கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, நடைமுறை அப்படி.

இனி விதி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் யார் எவ்வளவு பொறுப்பு என்று அதில் வகுத்திருக்கிறார்கள். தப்பு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. தப்பு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், செய்தி வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அப்போதும் நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை உங்கள் தலையில், அடிப்படைச் சேமிப்புக் கணக்கு (குறைந்தபட்ச இருப்பு வேண்டாதது) என்றால் 5,000. அதற்கும் மேல் தாமதம் ஆனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது என்றால்? மேனேஜர் நின்ற இடம் இதுதான். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். விதி என்ன சொல்கிறது தெரியுமா: வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை நஷ்டம் வாடிக்கையாளருடையது, தெரிவித்த பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது.

உங்கள் 10.32 மெசேஜை பத்திரமாக வைத்திருங்கள். அப்பா நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார், வங்கியும் அதன்பேரில் கார்டை நிறுத்தியிருக்கிறது என்பதற்கு வங்கியே கொடுத்த சாட்சி அது. 11.48-க்குப் போன 24,500 அதற்கு அப்புறம். அது அவர்கள் தலைவலி. கடிதத்தில் 1,12,000 என்று மொத்தமாக எழுதாதீர்கள். மூன்று தொகையையும் தனித்தனி வரியில், நேரத்தோடு எழுதி, 10.32-க்கு முன், 10.32-க்குப் பின் என்று பிரித்துக் காட்டுங்கள். மொத்தமாக எழுதினால் மொத்தமாக நிராகரிப்பார்கள். நானே அப்படி வந்த மனுக்களுக்கு மேலிடத்திலிருந்து ஒரே வரி பதில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கார்டை நிறுத்திய பிறகு எப்படிப் போனது என்று கேட்டீர்கள். கார்டு ஒரு கதவு, நெட் பேங்கிங் இன்னொரு கதவு. பல வங்கிகளில் கார்டு விவரமும், செல்லுக்கு வரும் ஓடிபியும் இருந்தால் வீட்டிலிருந்தே நெட் பேங்கிங் பதிவு செய்துகொள்ளலாம். அப்பா ஓடிபி சொல்லியிருக்க மாட்டார், அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அந்த ஏபிகேயின் வேலையே செல்லுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அவனுக்கு அனுப்புவதுதான். ராத்திரி அவர் தூங்கும்போது அவர் பெயரில் நெட் பேங்கிங் உண்டாக்கியிருப்பான். காலையில் கார்டு மூடிய உடனே அடுத்த கதவைத் திறந்திருக்கிறான். புதிதாகச் சேர்த்த பயனாளிக்கு (பணம் பெறுகிறவருக்கு) முதல் நாளில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும், தொகை குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இது மாதிரி நேரத்தில் கவுன்ட்டரில் போய் “கார்டை பிளாக் பண்ணுங்க” என்று கேட்கக் கூடாது. “கணக்கை டெபிட் ஃப்ரீஸ் பண்ணுங்க” என்று கேட்க வேண்டும். பணம் உள்ளே வரும், எந்த வழியிலும் வெளியே போகாது. கவுன்ட்டர் பெண் நல்ல எண்ணத்தில் கேட்டதைச் செய்திருக்கிறார். மோசடி என்று காதில் விழுந்ததுமே டெபிட் ஃப்ரீஸ் போடத் தெரிந்திருக்க வேண்டியது வங்கி. 68 வயது மனிதருக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்? கடிதத்தில் இதையும் எழுதுங்கள்.

சரி, மீதி 87,500. ஒளிக்காமல் சொல்கிறேன், அது கஷ்டம். ஆனால் கேள்வி கேட்காமல் விடாதீர்கள். அதே சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது. அதனால் கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள். நெட் பேங்கிங் பதிவு எத்தனை மணிக்கு, எந்தக் கருவியிலிருந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து நடந்தது? பயனாளியை எப்போது சேர்த்தார்கள்? கார்டில் ஆன்லைன் வசதி எப்போது, யாரால் ஆன் செய்யப்பட்டது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும்படி தரப்பட வேண்டும். ஆன்லைன் வேண்டுமென்றால் நாமாக ஆன் செய்ய வேண்டும். அதுவரை ஆன்லைனில் பயன்படுத்தவே இல்லாத பழைய கார்டுகளிலும் அந்த வசதியை நிறுத்தச் சொன்னார்கள். அப்பா ஒருநாளும் ஆன்லைனில் வாங்காதவர் என்றால் ராத்திரி 11.14-க்கு அது எப்படி வேலை செய்தது?

கார்டு வழியாகப் போன இரண்டுக்கும் ‘இது நான் செய்ததில்லை’ என்று ஆட்சேபிக்கிற டிஸ்ப்யூட் படிவம் தனியாக உண்டு, அதையும் நாளையே பூர்த்தி செய்யுங்கள். வெள்ளிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை கிளைக்குள் இருந்த கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. பேங்க் இணையதளத்தில் அவர்களுடைய வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கை போட்டிருப்பார்கள், அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். கையில் காகிதம் இருந்தால் மேனேஜரின் குரல் மாறும்.

செல்_கடை_பாபு (ஞாயிறு, இரவு 7.10)

அக்கா, அந்த செல்லை இன்னும் அப்பா வைத்திருக்கிறாரா? முதலில் சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். அந்த ஏபிகே உள்ளே இருக்கிற வரை அடுத்த ஓடிபியும் அவனுக்குத்தான் போகும்.

உடனே ரீசெட் அடித்துவிடாதீர்கள். மெசேஜ், கால் லிஸ்ட், வாட்ஸ்அப்பில் வந்த ஃபைல், அவன் நம்பர் எல்லாவற்றையும் இன்னொரு செல்லால் போட்டோ எடுங்கள். போலீஸில் செல்லைப் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் ரீசெட். சாதாரணமாக அன்இன்ஸ்டால் கொடுத்தால் சில ஏபிகே போகாது, ஐகானையே மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின், ஆக்சஸிபிலிட்டி இரண்டிலும் போய் அதன் பெயரை எடுத்தால்தான் அன்இன்ஸ்டால் வேலை செய்யும்.

##002# டயல் செய்யுங்கள். கால் ஃபார்வர்டு ஏதாவது போட்டிருந்தால் எல்லாம் கேன்சல் ஆகும். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பார்த்து தெரியாததை வெளியேற்றுங்கள். இன்னொன்று, அப்பா வாட்ஸ்அப்பிலிருந்து அவர் நண்பர்களுக்கெல்லாம் அதே ஃபைல் போயிருக்கலாம். எங்கள் கடைக்கு வந்த ஒருத்தர் நம்பரிலிருந்து அவர் தெரு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே போயிருந்தது. பத்திரிகை என்றால் யார்தான் திறக்க மாட்டார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். “போன மாத பில்” என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்களே. நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதானே கணக்கெடுக்கிறார்கள்? வடக்கே அனுப்புகிற மெசேஜை அப்படியே இங்கேயும் தட்டி விட்டிருக்கிறான்.

கலா_குடந்தை (திங்கள், இரவு 8.05)

கவுன்ட்டர் 4 சார், பாபு தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. விடிகாலை பஸ் பிடித்து அப்பாவோடு நானே போனேன். முதலில் வாங்க மாட்டேன் என்றார்கள். சுற்றறிக்கை நகலை மேஜையில் வைத்ததும் உட்காரச் சொன்னார்கள். முத்திரை வைத்துக் கொடுத்தார்கள், நேரம் மட்டும் போட மறுத்தார்கள். கடைசியில் அந்தக் கவுன்ட்டர் பெண்ணே பேனாவால் 10.50 என்று எழுதி சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். டெபிட் ஃப்ரீஸும் போட்டாயிற்று. 10.32 மெசேஜைப் பற்றிக் கேட்டபோது மேனேஜர் பதில் சொல்லவில்லை, மேலே அனுப்புகிறேன் என்றார்.

1930-லிருந்து வந்த தகவல்படி 24,500-இல் 11,000 ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதாம். அதற்கு என்ன அர்த்தம்?

மதியம் ஒருவர் கூப்பிட்டார். சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகவும், பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விடுவிக்க 2,200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். புகார் எண்ணின் கடைசி இலக்கங்களைக்கூடச் சொன்னார். கட்டலாமா?

கவுன்ட்டர்_4 (திங்கள், இரவு 8.22)

கட்டவே கட்டாதீர்கள். ஒரு தடவை ஏமாந்தவர் பட்டியலை இவர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். காவல் துறையோ ரிசர்வ் வங்கியோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.

11,000 நின்றது நல்ல சேதி. 1930-க்குச் சொன்னால் அந்தத் தகவல் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு ஓடும். அங்கே மிச்சம் இருப்பதை எடுக்க முடியாமல் பிடித்து வைப்பார்கள். அவன் அதற்குள் அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு என்று தள்ளியிருப்பான். இன்னாரென்றே தெரியாத கல்லூரிப் பையன்கள், கூலிக்காரர்கள் பெயரில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் அவை. கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால்தான் 1930-க்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்கிறார்கள். வங்கி திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, அந்த நம்பர் ராத்திரியிலும் எடுக்கும். பிடித்து வைத்ததை வாங்க, வழக்கமாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப்போட்டு உத்தரவு வாங்குவார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டம் 503. விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள், அவர் வழி சொல்வார்.

முப்பது நாளில் வங்கி பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களையெல்லாம் ஒரே திட்டமாக்கிவிட்டார்கள். ஆன்லைனில் போடலாம், சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448-ல் கேட்டால் விவரம் சொல்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

இனிமேல் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வங்கிகள் “விழிப்புடன் இருங்கள்” என்று போஸ்டர் ஒட்டுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கின்றன. நானே நிறைய ஒட்டியிருக்கிறேன். புதிதாகவும் நிறையச் செய்கிறார்கள்: வங்கியிலிருந்து வரும் சேவை அழைப்பு 1600 என்று தொடங்கும், வங்கி இணையதளங்கள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும்படி 2025 அக்டோபருக்குள் மாறச் சொன்னார்கள், எஸ்எம்எஸ் அனுப்புகிறவர் பெயரின் முடிவில், அது எந்த வகைச் செய்தி என்று காட்ட, ஒரு கோடு போட்டு ஓர் எழுத்து வரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் மனைவிக்கு மூச்சுத் திணறும் என்ற பயத்தில் இருக்கிற மனிதர் அந்த ஓர் எழுத்தையா பார்த்துக்கொண்டிருப்பார்? புத்தி போகவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பயம் வந்தால் மேனேஜருக்கும் இப்படித்தான் ஆகும். கவனம் தப்புகிற அந்த ஒரு நாளிலும் பணம் தப்புகிற மாதிரி கணக்கை அமைத்து வைக்க வேண்டும்.

என் வீட்டில் செய்திருப்பதைச் சொல்கிறேன். பென்ஷன் கணக்கில் பதிவான நம்பர் ஒரு பழைய பட்டன் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப் கிடையாது, ஏபிகே ஏறாது. அந்தக் கணக்கில் யுபிஐ இல்லை. நெட் பேங்கிங் இருந்தால் பார்க்க மட்டும், பணம் அனுப்ப முடியாதபடி. கார்டில் ஏடிஎம் மட்டும் ஆன், அதற்கும் தினசரி வரம்பு 10,000. இன்னொரு சின்னக் கணக்கு, வேறு வங்கியில். மாதம் பிறந்தால் அதற்கு 6,000 தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். ஸ்மார்ட்போன், யுபிஐ, மருந்துக் கடை, பால், கேஸ் எல்லாம் அதில்தான். எவன் வந்து என்ன வித்தை காட்டினாலும் அன்றைக்கு அதில் இருப்பதுதான் போகும். என் வீட்டம்மா முதலில் “ரெண்டு போனை யார் தூக்கிட்டுத் திரியறது” என்று சலித்துக்கொண்டாள். பட்டன் போன் இப்போது பீரோவில் இருக்கிறது, தூக்க வேண்டியதே இல்லை.

எஃப்டியில் (நிரந்தர வைப்பில்) போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். நெட் பேங்கிங் முழுதாகத் திறந்திருந்தால் எஃப்டியை ஆன்லைனிலேயே உடைத்துவிடுவான்.

வங்கி ஊழியர்களைத் திட்டியே எழுதிவிட்டேனோ? ஒன்று சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஓர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா எஃப்டியை உடைக்க வந்தார். என்ன அவசரம் என்றால் “வீடு வாங்கப் போறோம்” என்று ஒப்பித்த மாதிரி பதில். காசாளர் பையன்தான் கவனித்தான். அவர் மஞ்சள் பையை மடியில் நிமிர்த்தியே வைத்திருந்தார், உள்ளே செல் வெளிச்சம் தெரிந்தது. அவன் ஒரு செலான் பின்பக்கத்தில் “யாராவது லைனில் இருக்காங்களா?” என்று எழுதி நீட்டினான். அந்த அம்மா பேனாவை வாங்கி “ஆமா, போலீஸ்” என்று எழுதினார். டிஜிட்டல் கைது என்று மும்பை போலீஸ் உடை போட்டவன் காலையிலிருந்து வீடியோ காலில் உட்கார வைத்திருக்கிறான். அப்படி ஒரு கைதே நம் சட்டத்தில் கிடையாது. செல்லை வாங்கி அணைத்தேன். அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மகன் வரும் வரை கேபினில் உட்கார வைத்தோம். ஒரு கவுன்ட்டர் பையன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் இவ்வளவு ஆகிறது. ஆனால் டோக்கனில் அறுபது பேர் நிற்கும்போது, இருக்கிற இரண்டு கவுன்ட்டரில் ஒன்று மூடியிருக்கும்போது, எத்தனை முகத்தைத்தான் பார்ப்பான்? ஆள் எடுக்காமல் செயலியை மட்டும் நம்பச் சொன்னதன் விலையை வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார். இது என் சொந்தக் கருத்து.

மஸ்கட்_ரஃபி (செவ்வாய், காலை 9.15)

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. எனக்கு வேறு மாதிரிப் பிரச்சினை. ஊரில் வீட்டுக் கடனுக்குப் போனால், என் பெயரில் ஏற்கெனவே 38,000 ரூபாய் ஆன்லைன் கடன் பாக்கி இருக்கிறது, சிபில் (கடன் மதிப்பெண்) குறைவு என்கிறார்கள். நான் வாங்கவே இல்லை. சிம் வாங்க, ரூம் எடுக்க என்று பான், ஆதார் ஜெராக்ஸ் எத்தனையோ இடத்தில் கொடுத்திருக்கிறேன். யாரைப் பிடிப்பது?

ஆடிட்_உமா (செவ்வாய், காலை 10.02)

ரஃபி அண்ணா, ஆடிட்டர் ஆபீஸில் இது இப்போது வாடிக்கையாக வருகிறது. சிபில் மட்டும் பார்க்காதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் அறிக்கை தருகிற இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், அதில் பதிவான முகவரி, செல் நம்பர் எல்லாம் அறிக்கையில் இருக்கும். அந்த நம்பர் உங்களுடையது இல்லை என்றால் பாதி வேலை முடிந்தது.

அறிக்கை கொடுத்த நிறுவனத்திலும் கடன் கொடுத்த நிறுவனத்திலும் ஒரே நாளில் ஆட்சேபம் போடுங்கள். கேஒய்சி ஆவணம் (கடன் வாங்கும்போது கொடுத்த அடையாளச் சான்று), பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு இரண்டின் நகலையும் கேளுங்கள். பணம் வந்தது உங்கள் கணக்குக்கு இல்லை என்று தெரிந்தால் அவர்களுக்குப் பேச வழியில்லை. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்கிறது. சைபர் கிரைம் தளத்தில் புகாரும் போட்டு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், தெரியாதது இருந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

இனி ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே, எழுத்தின் குறுக்காக, யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற பிரதியை டவுன்லோட் செய்யலாம், பல இடங்களில் அது போதும்.

கைரேகை பூட்டு பற்றியும் கேட்பார்கள் என்று சொல்கிறேன். ஆதார் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டால் ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. பத்திரங்களில் இருந்த ரேகையை நகல் எடுத்துத் திருடிய வழக்குகள் நாட்டில் நடந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்கு இது சரி. ஆனால் ஊரில் நூறு நாள் வேலைக் கூலியையோ முதியோர் பணத்தையோ ரேகை வைத்து வாங்குகிற அம்மாவுக்குப் பூட்டிவிட்டால், ஒவ்வொரு தடவையும் திறக்க யாரையாவது தேட வேண்டும்.

நிதர்சன் (செவ்வாய், மதியம் 1.30)

சார், ஒரு கேள்வி. என் நண்பன் கணக்கு கூட்டுறவு வங்கியில். அவர்களுக்கும் இந்த 2017 விதி உண்டா? அவன் இரண்டாவது நாளே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

கவுன்ட்டர்_4 (செவ்வாய், மதியம் 2.10)

உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கு அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி தனியாக ஒரு சுற்றறிக்கை வந்தது, சாரம் இதேதான். முத்திரை போட்ட நகல் இருக்கிறதா, எத்தனை மாதம் ஆயிற்று, வங்கி எழுத்தில் பதில் கொடுத்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள். பதில் வந்து அதிக நாள் ஆகவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போக இன்னும் வழி இருக்கலாம்.